பட்டன் கதை கேட்ட ராத்திரி

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை. அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு ஊர். பட்டவராயன் கோயிலில் கொடை விழா. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குள் இன்னும் பேசி முடியாத ஒரு விஷயம் இதில் வருகிறது.

வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதை. அந்த முத்துப்பட்டன்தான் சாமியாகிப் பட்டவராயன் ஆனவர்.

காற்று விடவில்லை. பாபநாசம் மலைப் பக்கமிருந்து சாரலும் சேர்ந்து வருகிறது. மைக்கில் பாட்டைவிடக் காற்றுதான் கேட்கிறது. செட்டுக்காரப் பையன் எங்கிருந்தோ ஒரு காலுறையைக் கொண்டுவந்து மைக் தலையில் மாட்டினான். அதற்கப்புறம் குரல் தெளிந்தது.

வில்லைத்தான் முதலில் பார்த்தேன். படுக்கவைத்தால் இரண்டு ஆள் நீளம் வரும். கதிர் வைரம் பாய்ந்த பனை. வர்ணக் காகிதம் சுற்றியிருக்கிறார்கள். மணிகளில் ஒன்றுக்கு நாக்கு இல்லை. அதையும் கழற்றாமல் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

நாண், தோல். முறுக்கிக் கட்டிய மாட்டுத்தோல். “நைலான் கயிறு கட்டலாம்லா?” என்று யாரோ கேட்டதற்குக் குடக்காரர் சொன்னார்: “கட்டலாம். பேசாது.”

வில்லின் நடு, குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. மண்குடம். குடத்து வாயில் கமுகம்பாளைப் பத்தியால் அடிக்கிறார். இடது கையில் ஒரு பழைய காசு. அதால் குடத்தின் வயிற்றில் தட்டுகிறார். ஒரே குடம், இரண்டு குரல்.

பாடுகிறவர் பெண். ஐம்பதைத் தாண்டிய வயது. குழுவில் எல்லாரும் அக்கா என்கிறார்கள். கோயில் பெரியவர்கள் “யம்மா” என்கிறார்கள். நான் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்கா வலத்தே. இடத்தே ஒருவர். அக்கா பாடுவதை வாங்கிப் பாடுவதும், இடையிடையே கேள்வி கேட்பதும், “ஆமா” போடுவதும் அவர் வேலை.

அந்த “ஆமா”வை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒன்று ஒப்புக்கொள்கிறது. ஒன்று அவசரப்படுத்துகிறது. ஒன்று, இது வேண்டாமே என்கிறது. கதை கெட்டது நோக்கிப் போகப் போக “ஆமா” சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் தலையாட்டல் மட்டும்.

காப்பு. பிள்ளையார். குருவடி. சபைக்கு வணக்கம். ஊர்ப் பெரியவர்கள் பெயர், வரிக்காரர்கள் பெயர், மைக் செட் உரிமையாளர் பெயர். எல்லாம் பாட்டில்.

பிறகு நாட்டு வளம். மலை, அருவி, பொருநை, நெல். இங்கே வெளியே கார் நெல் நிற்கிறது. பாட்டில் வரும் வயலும் பந்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வயலும் ஒன்றுதான். ஊர் எதுவும் மாறவில்லை.

பீடத்துக்கு முன்னால் செருப்பு. தோல் செருப்பு, புதுசு, ஒரு ஜோடி. மனிதக் காலுக்குப் பெரியது. செவ்வந்திப்பூ வைத்திருக்கிறார்கள்.

கோயில் வாசலில் ரப்பர் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே போகிறவர்கள் கழற்றிப் போட்டவை.

காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இதைவிட நிறையத் தொங்கும். பட்டவராயன் சன்னதி. நேர்ந்துகொண்டு செருப்பு கொண்டுவந்து கட்டுகிறார்கள். சாமி ராத்திரியில் போட்டு நடப்பார், தேய்ந்திருக்கும் என்கிறார்கள். இன்று களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது அந்தக் கோயில். சோதனைச் சாவடி தாண்டித்தான் போக வேண்டும். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காது.

கதை தெரியாதவர்களுக்கு, சுருக்கமாக.

முத்துப்பட்டன் பிராமணப் பையன். அண்ணன்மாரோடு மனத்தாங்கல். வீட்டை விட்டுப் போய்க் கொட்டாரக்கரை ராசாவிடம் வேலை. வருசங்கள் கழித்து அண்ணன்மார் வந்து அழைத்துக்கொண்டு போகிறார்கள். வழியில் மலங்காட்டில் இரண்டு பெண்கள் பாடுவது கேட்கிறது. அக்காள் தங்கை. பொம்மக்கா, திம்மக்கா. சக்கிலியர் தலைவன் வாலப்பகடையின் மக்கள்.

அங்கிருந்து அவன் நகரவில்லை. கதையும் அங்கிருந்துதான்.

முதலில் கேட்டது குரல். முகம் பிறகு. இதை அக்கா அழுத்திச் சொன்னார். “பாக்கல. கேட்டாரு. கேட்டுட்டுத்தான் தேடிப் போனாரு.”

அந்தப் பெண்கள் என்ன பாட்டுப் பாடினார்கள் என்று கதை சொல்லவில்லை. என்ன மொழியில் என்றும் சொல்லவில்லை. இன்று அருந்ததியர் எனப்படும் அவர்களின் பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. பெயர்களே அப்படித்தான் இருக்கின்றன. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி பேரனை அதட்டியதும் தெலுங்கில்தான். கதை கேட்டது தமிழில்.

காதல் வருகிற பகுதி எவ்வளவு நேரம் என்று கவனித்தேன். ஒரு தேநீர் குடித்து முடிக்கிற நேரம்கூட இல்லை. அவள் கண், அவள் நடை, எதுவும் நீளவில்லை. அவன் பின்னால் வருகிறான், பெண்கள் பயந்து ஓடுகிறார்கள், அவன் விழுந்து கிடக்கிறான். அவ்வளவு.

பெண்கள் பயந்து ஓடுவது நீளமாக இருந்தது. ஐயர் ஒருவர் துரத்திக்கொண்டு வருகிறார் என்று அப்பாவிடம் போய்ச் சொல்கிறார்கள். வாலப்பகடை ஆயுதத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். யாரோ மேல்சாதிக்காரன் தன் பிள்ளைகளிடம் வம்பு செய்கிறான் என்றுதான் எந்த அப்பாவும் நினைப்பார். அந்தப் பயத்தை அக்கா தள்ளிவிடவில்லை. நின்று பாடினார். மணிகள் அதிர்ந்தன.

பந்தலில் பெண்கள் பக்கம் யாரும் அசையவில்லை.

அதற்கு முன்னால் ஒரு இடம். அதைத்தான் பேசி முடியாத விஷயம் என்றேன்.

சில பாடகர்கள் ஒரு பிறப்புக் கதை சேர்த்துப் பாடுவார்கள். பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று.

அன்றைக்கு அக்கா அதைப் பாடினார்.

வேகமாகப் பாடினார். நாலைந்து அடி. வில்லை அடிக்கும் வீசுகோலை மடியில் வைத்துக்கொண்டு. வில்லைத் தொடவில்லை. குடம் மட்டும் லேசாக. இடத்தே இருந்தவர் “ஆமா” போடவில்லை.

பக்கத்து ஆச்சி வெற்றிலையை மடித்தார். வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

இடைவேளையில் அக்காவிடம் கேட்டேன். பிளாஸ்கிலிருந்து சுக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எல்லா ஊர்லயும் இந்தப் பிறப்பு பாடுவியளாக்கா?”

“ஊரைப் பொறுத்து. சில ஊர்ல கேட்டு வாங்குவாவ. சில ஊர்ல அதப் பாடுனா எந்திரிச்சிப் போயிருவாவ.”

“இங்க?”

“ரெண்டு பேரும் வரி குடுத்திருக்காவல்லா.”

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். “எங்க ஆசான் பாடமாட்டாரு. அவரு படிச்சுக்குடுத்ததுல அது கெடையாது. நான் பொறவு சேத்துக்கிட்டது.”

நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பாடபேதங்களை வைத்துப் பார்த்து, பெண்களைப் பிராமணப் பிறவியாக்கும் பகுதி பின்னால் நுழைந்தது என்று அவர் எழுதினார். மேல்சாதி மனம் இந்தக் கல்யாணத்தைச் செரிக்க முடியாமல் செய்த வேலை அது என்று. அவர் சொன்னதை நான் முழுக்க நம்புகிறேன். அன்றைக்கு நேரில் கேட்டபோது இன்னும் நம்பினேன்.

இப்படி வேறு பிறப்பு கொடுப்பது பட்டன் கதையில் மட்டும் இல்லை. மதுரை வீரனும் ராசா வீட்டுப் பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டவன், சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன் என்று ஒரு கதை. 1956-இல் எம்.ஜி.ஆர். படத்தில் ஊரெல்லாம் பார்த்தது.

காத்தவராயன் சிவன் மகன் என்று ஒரு கதை. ஆரியமாலாவை விரும்பியதற்குக் கழுமரம். அதில் மாற்றம் இல்லை. யாழ்ப்பாணப் பக்கம் காத்தவராயன் கூத்தாக ஆடுகிறார்கள். அங்கும் கழுமரம் உண்டு.

வில்லுப்பாட்டு பற்றி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் 1988-இல் வந்தது. 1970-களின் கடைசியில் நாஞ்சில் நாட்டில் தங்கிப் பார்த்து எழுதியது. கதைகளை இரண்டாகப் பிரிக்கிறார். பிறப்புக் கதை. இறப்புக் கதை.

காதல் கதை என்று தனிப் பிரிவு இல்லை.

சாத்தாவும் சுடலையும் பிறந்த கதைகள் முதல் வகை. கொல்லப்பட்டுத் தெய்வமானவர்கள் இரண்டாவது வகை. பட்டன் இரண்டாவது.

பந்தலுக்கு வெளியே ஒரு பெரியவர். சைக்கிளைச் சாய்த்து நிறுத்தி அதன் பின் கேரியரில் உட்கார்ந்திருந்தார். உள்ளே நாற்காலி காலியாக இருந்தது. இளவட்டங்கள் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். “இருக்கட்டும்டே, இங்கன காத்து நல்லா வருது” என்றார்.

அவர் பேருந்து நிலையத்தில் செருப்புத் தைக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

நிபந்தனை வைக்கிற இடம். இதுதான் கதையின் நெஞ்சு என்று நினைக்கிறேன்.

வாலப்பகடை எழுப்பிக் கேட்கிறார், யார் நீ, என்ன வேண்டும் என்று. அவன் பெண் கேட்கிறான். இவர் சொல்கிறார்: நாங்கள் இன்னார், நாங்கள் செய்கிற வேலை இது, சாப்பிடுவது இது, எங்களைத் தொட்டால் உங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்பது இது. ஒவ்வொன்றாக. மறைக்காமல். இடத்தே இருப்பவர்தான் வாலப்பகடை. அவர் குரல் உயரவே இல்லை. பெண் கேட்டு வந்தவனிடம் பேசுகிற அப்பாவின் குரல்.

அவன் விடவில்லை.

அப்படியென்றால் பூணூலை அறு. குடுமியை எடு. செருப்புத் தைக்கப் படி. தைத்து எடுத்துக்கொண்டு வா. பிறகு பேசுவோம்.

நம் கதைகளில் மாப்பிள்ளைக்கு வைக்கிற சோதனைகள் எத்தனை. வில்லை ஒடி, காளையை அடக்கு, புலியைக் கொல். இங்கே, ஒரு வேலையைக் கற்றுக்கொள்.

அதுவும் பெண் வீட்டார் வேலையை.

அண்ணன்மாரிடம் சொல்லப் போகிறான். பேசிப் பார்க்கிறார்கள். பிறகு அடைத்துப் பூட்டுகிறார்கள். தப்பி வருகிறான். பூணூல் போகிறது, குடுமி போகிறது. இதெல்லாம் விறுவிறு என்று ஓடியது.

தைக்கிற இடம் வந்ததும் அக்கா நிதானித்தார்.

தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவது. மயிர் கழிப்பது. ஆவாரம்பட்டையில் பதப்படுத்துவது. நாற்றம். முதல் நாள் அவனுக்குக் குமட்டுவது. அளவு எடுப்பது. வார் அறுப்பது. பாட்டாகக் கொஞ்சம், பேச்சாகக் கொஞ்சம். வீசுகோலை நேராகப் பிடித்துக் குத்தூசியாக்கிக்கொண்டார். மறு கையில் முந்தானை ஓரம், அதுதான் தோல். குத்தி இழுத்தார். குத்தி இழுத்தார். ஒவ்வொரு குத்துக்கும் குடத்தில் ஒரு அடி.

சைக்கிள்காரர் கேரியரிலிருந்து இறங்கிவிட்டார்.

“நனச்சுக்கிடணும்மா. நனைக்காமக் குத்துனா கீறிரும்.”

சத்தமாகச் சொன்னார். மைக் வரைக்கும் கேட்டிருக்கிறது. அக்கா பாட்டை நிறுத்தாமல் அந்தப் பக்கம் திரும்பி, முந்தானையைத் தண்ணீரில் முக்குவது போலக் காட்டி, நனைத்துக் குத்துவதாகச் சேர்த்துப் பாடினார். அதே மெட்டில். இடத்தே இருந்தவர் “ஆமா” என்றார். அன்றைய இரவின் மிகப் பெரிய “ஆமா” அது.

இனி அடுத்த ஊரில் பட்டன் தோலை நனைத்துத்தான் தைப்பான் என்று நினைக்கிறேன்.

பட்டனின் விரலில் ஊசி ஏறுகிறது. ரத்தம். பொம்மக்கா பார்க்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்பிக்கொள்கிறாள். இது எந்தப் பதிப்பிலும் நான் படித்ததில்லை. அக்காவின் சேர்க்கையாக இருக்கலாம். ஆசான் கொடுத்ததாக இருக்கலாம்.

காதல் காட்சி என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

எனக்கு முன் வரிசையில் ஒரு சிறுமி. பத்து வயது இருக்கும்.

“ஆச்சி, ரெண்டு பேரையுமா கெட்டிக்கிடுவான்?”

“ரெண்டு பேருந்தான பாடுனாளுவ.”

கல்யாணம். பந்தலில் குலவை. நிஜக் குலவை, பாட்டில் வருவது அல்ல. நிஜமாகவே தாம்பூலம் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு வெற்றிலை, பாக்கு, ஒரு ரூபாய். யார் வீட்டுச் சார்பில் என்று கேட்டேன். “பொண்ணு வீடு” என்றாள் தட்டோடு வந்த பெண்.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நேரம் பேச்சு. சுடலைமாடனுக்குப் பாடுவது வேறு, பட்டனுக்குப் பாடுவது வேறு என்று குடக்காரர் சொன்னார். “மாடனுக்குக் கை வலிக்கும். பட்டனுக்குத் தொண்டை வலிக்கும்.”

நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தி கதையை வில்லில் பாடினார். அவருக்கு எழுதிக் கொடுத்த சுப்பு ஆறுமுகம் வில்லை வானொலிக்கும் மேடைக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ. 2022-இல் காலமானார். நகரத்தில் வில்லுப்பாட்டு என்றால் அவர் முகம்தான். அரசு சிறுசேமிப்புக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் வில்லைப் பயன்படுத்தியது.

கொடையில் நடப்பது வேறு. இங்கே பாட்டு சாமியைக் கூப்பிடுவதற்கு. மணி பார்த்து நிறுத்த முடியாது.

பூங்கனி அம்மாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் பெண்ணாக வில்லின் நடுவில் உட்கார்ந்து பெரும் பெயர் வாங்கியவர். 2018-இல் இறந்தார். கடைசிக் காலத்தில் கையில் பணம் இல்லை. அக்கா அவர் பெயரைச் சொல்லும்போது மடியில் இருந்த வீசுகோலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுபடி கதை. கல்யாண ராத்திரி. மாடுகளைக் களவாட ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று நாய் வந்து சேதி சொல்கிறது. மாமனார் வீட்டு மாடு. பட்டன் எழுந்து போகிறான்.

நாய் சேதி சொல்லும் இடத்தில் தெரு நாய் ஒன்று பந்தலுக்குள் வந்தது. யாரும் விரட்டவில்லை. ஒரு பாட்டி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

போகாதே என்று பெண்கள் தடுக்கிறார்கள். கெட்ட கனவு கண்டோம் என்கிறார்கள். இதைப் பாடும்போது அக்காவுக்கு முதல் தடவையாகக் குரல் உடைந்தது. செய்து காட்டுவதா, உண்மையா? பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை. நிறையப் பேரைச் சாய்த்துவிட்டு ஓடையில் ரத்தம் கழுவக் குனிகிறான். ஒளிந்திருந்த ஒருவன் முதுகில் குத்துகிறான்.

உடுமலைப்பேட்டை, 2016 மார்ச் 13. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். பட்டப்பகல்.

பாளையங்கோட்டை, 2025 ஜூலை. இரண்டும் சாதி தாண்டிய காதலுக்காக நடந்த கொலைகள்.

குத்து விழும் அடியில் சாமியாடிக்கு அருள் வந்தது. கொட்டு ஏறிவிட்டது. அக்கா கதையை நிறுத்திச் சாமியை அழைக்கும் வரத்துப் பாடினார். நடுச்சாமப் பூசை, சாமக்கொடை. ஒரு மணி நேரத்துக்கு மேல் கதை இல்லை. தீபாராதனை, கூட்டம், திருநீறு, குறி கேட்பவர்கள் வரிசை.

ஒரு பையன் சாமியிடம் கேட்டது காதில் விழுந்தது. இருபத்தைந்து வயதுக்குள். “வீட்டுல சம்மதிப்பாவளா?” சாமி அவன் நெற்றியில் திருநீற்றை அழுத்தினார். வார்த்தை எதுவும் சொல்லவில்லை. பையன் கைகூப்பிவிட்டு, கூட்டத்துக்குள் நின்ற யாரையும் பார்க்காமல் போனான்.

கதை மறுபடி ஆரம்பித்தபோது கூட்டம் பாதி. ஆண்கள் நிறையப் பேர் கிளம்பிவிட்டார்கள். பெண்கள் இருந்தார்கள். சைக்கிள்காரர் உள்ளே வந்திருந்தார். பின் வரிசை நாற்காலி.

பொம்மக்காவும் திம்மக்காவும் உடலைத் தேடிப் போகிறார்கள். ஒப்பாரி. இங்கே அக்கா வில்லை அடித்த அடியில் ஒரு மணி கழன்று விழுந்தது. எடுத்து வைக்கவில்லை.

ஒப்பாரியில் அந்தப் பெண்கள் தங்களை என்ன சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்று கவனித்தேன். வாலப்பகடை பெற்ற மக்கள் என்று. மூன்று முறை. ஒவ்வொரு முறையும் மணியோடு. ராத்திரி பத்து மணிக்குப் பாடிய அந்த நாலைந்து அடி இப்போது எங்கும் இல்லை.

ஆச்சி வெற்றிலையை வாயில் போட்டார்.

பிறகு சிங்கம்பட்டி அரண்மனைக்குப் போய்த் தீப்பாய அனுமதி கேட்கிறார்கள்.

சிங்கம்பட்டி ஜமீன் நிஜம். சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு ராச உடையில் தர்பாரில் உட்கார்ந்து தரிசனம் தந்த கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் இறந்தார். கதையில் அனுமதி கேட்கப்படும் அரண்மனையும், பட்டவராயனுக்குச் செருப்புக் கட்டும் கோயிலில் தலைமை வகித்த அரண்மனையும் ஒன்று.

தீப்பாய்கிற இடம் எனக்குப் பிடிக்காது. எந்த ஊரில் கேட்டாலும் எழுந்து போய்விடலாம் என்று தோன்றும். இரண்டு பெண்கள் ஏன் எரிய வேண்டும்? இதைப் புகழ்ந்து பாடக் கூடாது என்பது என் எண்ணம். அக்கா புகழவில்லை. நெருப்பின் சூட்டைப் பாடினார். முதலில் யார் என்று அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதைப் பாடினார்.

ஆச்சியிடம் மெல்லக் கேட்டேன், இவர்கள் உயிரோடு இருந்திருக்கலாமே என்று.

“இருந்து எங்கன போவாளுவ? ஐயமாரு வீட்டுக்கா? எவன் உள்ள விடுவான்?”

கொஞ்சம் கழித்து: “இங்க வந்திருக்கலாம். அப்பன் வீடு இருக்குல்லா. அவரு விட்டிருப்பாரு.”

அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

வாழி. ஊருக்கு வாழி, மழைக்கு வாழி, கேட்டவர்களுக்கு வாழி. பட்டவராயன் சாமியாகிவிட்டார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள்.

பீடத்திலும் அப்படித்தான். நடுவில் பட்டன், இரு பக்கமும் அவர்கள். உயரம் பார்த்தேன். மூன்றும் ஒரே உயரம்.

குழு வில்லைக் கழற்றியது. முதலில் நாணைத் தளர்த்தினார்கள். அப்படியே விட்டால் கதிர் கூன் விழுந்துவிடுமாம். குடத்தைப் பழைய வேட்டியில் சுற்றினார்கள். விழுந்த மணியைத் தேட டார்ச் அடித்தார்கள். மணி தெருநாய் படுத்திருந்த இடத்தில் கிடந்தது.

பேசிய தொகையில் மீதியைக் கொடுக்க நிர்வாகி ஒருவர் வந்தார். கொஞ்சம் குறைந்தது. அக்கா எண்ணிவிட்டு, ஒன்றும் சொல்லாமல், மறுபடி அவர் கையிலேயே வைத்தார். நிர்வாகி உள்ளே போய் முழுசாகக் கொண்டுவந்தார்.

சைக்கிள்காரர் அக்காவிடம் வந்து நின்றார். “நல்லாச் சொன்ன தாயி. ஆனா அந்தப் பிறப்பு வேண்டாம்.”

“சரிங்கய்யா.”

“அடுத்த வருசம் பாக்கேன்.”

பார்க்கத்தான் போகிறார். நானும் போவேன்.

எனக்கு இதில் சந்தேகம் கிடையாது. அவர்கள் வாலப்பகடையின் பிள்ளைகள். அவர் பெற்ற பிள்ளைகள். பட்டன் பூணூலை அறுத்ததும், விரலில் ஊசி ஏற்றிக்கொண்டதும் அந்தப் பிள்ளைகளுக்காக. வேறு பிறப்பு எழுதினால் அவன் தைத்த செருப்புக்கு அர்த்தம் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஊரில் பட்டனுக்கோ, வீரனுக்கோ, காத்தவராயனுக்கோ கொடை நடந்தால், சாமக்கொடை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கதை அதற்குப் பிறகும் இருக்கிறது. பாடுகிறவரிடம் கேட்டுக்கொண்டு செல்போனில் பதிவு செய்யுங்கள். தேதி, ஊர், பாடுகிறவர் யாரிடம் படித்தார், எந்த இடத்தை எப்படிப் பாடினார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த அடி எந்த வருசம் நுழைந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆள் வேண்டும். பாடினவருக்குப் பேசிய பணத்தை முழுசாகக் கொடுங்கள்.